சாப்பாட்டுக்கடைச் சுவரில் ஒரு பிரியாவிடை

இரத்தினவேல் டான்போர்த் தெருவில் கிரேக்கர் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். 1984இல் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்போது ஏதாவதொரு கடையின் பின்பக்கத்தில் நின்று அதே வேலையைத்தான் செய்தார்கள். அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. முன்பு கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் சீமெந்து மூட்டை தூக்கியவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. அகதி முகாமில் கொஞ்சநாள் கிடந்துவிட்டு, போட்டிருந்த உடுப்போடு மட்டக்களப்புப் பக்கத்துத் தன் ஊரான ஆரையம்பதிக்குத் திரும்பிப் போனான்.

ஊரில் அவனுக்கென்று ஒரு சம்பந்தம் முன்னமே பேசி வைத்திருந்தது. பெண், அவனுடைய தாய்மாமன் கனகசிங்கத்தின் ஒரே மகள் தங்கேஸ்வரி. கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போயிருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே மாமா மகளுக்கென்று ஒரு கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் மிச்சம். கூரை போட்டதும் கலியாணம் என்றிருந்த நேரத்தில் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பிடிபட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. கடைசியில் மாமாவே அவனைக் கூப்பிட்டு, நீ எங்கேயாவது போய்ச் சேர், பிள்ளையைப் பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

புறப்பட்ட அன்று காலையில் அவன் மாமா வீட்டுக்குச் சொல்லப் போனான். தங்கேஸ்வரி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு முன்னம் அவள் வெளியே வந்து அவனோடு நின்று கதைக்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். மாமாவோடும் மாமியோடும் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தத் துருவல் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. படலையைத் திறந்தபோது மட்டும் சத்தம் நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். வாசலில் யாரும் இல்லை. அவ்வளவுதான் அவர்களுடைய பிரியாவிடை. ஜெர்மனி வழியாக ஒருமாதிரி அவன் கனடாவுக்கு வந்து சேர்ந்தான்.

ரொறன்ரோவில் சென்ற் ஜேம்ஸ் ரவுணில் உயர்ந்த கட்டடமொன்றில் ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு அப்பாட்மென்றில் இருந்தார்கள். ஐவருக்கும் ஐந்துவிதமான வேலை ஷிப்ற். ஒருவன் எழும்பிப் போகும் மெத்தையில் இன்னொருவன் வந்து படுப்பான். மட்டக்களப்பு ரவுணைச் சேர்ந்த அகஸ்ரின் ஒருவன்தான் அவனோடு வாய் திறந்து கதைப்பவன். அவனும் காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவான். கடை திங்கட்கிழமைகளில் பூட்டு. அந்த ஒரு நாள்தான் இரத்தினவேலுக்கு ஆகாத நாள். மற்ற நாட்களில் தட்டுகளோடும் தண்ணீரோடும் நேரம் ஓடிவிடும். திங்களன்று என்ன செய்வதென்று தெரியாமல் சப்வேயில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருவான். ரெயிலில் எதிரே இருப்பவர்களின் சப்பாத்துக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். சில திங்கட்கிழமைகளில் யாரோடும் ஒரு சொல்கூடப் பேசாமலே படுத்துவிட்டோம் என்பது மறுநாள்தான் அவனுக்கு நினைவு வரும்.

அந்தக் குளிர்காலத்தில் கடை முதலாளி கொஸ்ராவுக்கு ஒரு ஆசை வந்தது. கடையின் பெரிய சுவர் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் ஒரு பெரிய படம் வேண்டும். கடற்கரையும் வள்ளமும் எல்லாக் கிரேக்கக் கடைகளிலும் இருக்கிறது. தனக்கு அந்தக்காலத்துப் பாணியில், அரண்மனைகளில் தொங்குவதைப்போல ஒன்று வேண்டுமென்றார். அவருடைய மனைவிக்கு மாமன் முறையான யானி என்றொரு கிழவர் இருந்தார். ஏதென்ஸில் நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலைகளில் படம் எழுதியவர். இருநூறு வருசத்துக்கு முந்திய ஓவியர்கள் எழுதிய மாதிரி, கல்லில் செதுக்கியதுபோன்ற உடம்புகளும் வெள்ளைத் தூண்களும் சிவப்புச் சால்வையுமாக எழுதிக் காட்டுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். எழுதவிருந்தது ஒரு பழைய கதை. ஊரைக் காக்கச் சண்டைக்குப் போகிற வீரன் ஒருவன், கோட்டை வாசலில் தன் பெண்சாதியிடம் விடைபெறுகிறான்.

வீரனுக்கு ஆள் தேடிக் குசினிக்குள் வந்த யானி, தொட்டியடியில் நின்ற இரத்தினவேலைப் பின்னாலிருந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவனுடைய தோளைக் கையால் அளந்தார். கோப்பை கழுவுகிறவனுக்குச் சும்மா நிற்கத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று கொஸ்ராவிடம் சொன்னாராம். திங்கட்கிழமைகளில் வந்து நிற்க வேண்டும், அதற்கும் சம்பளம் உண்டு என்று கொஸ்ரா சொன்னபோது இரத்தினவேல் சம்பளத்தை யோசிக்கவேயில்லை. திங்கட்கிழமைக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிட்டதே என்றுதான் யோசித்தான்.

முதல் நாள் உடம்பிலிருந்த சேட்டைக் கழற்றச் சொன்னபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கடையின் மேல்மாடியில், ஹீற்றருக்குப் பக்கத்தில், ஒரு பழைய சிவப்புத் திரைச்சீலையைத் தோளில் சுற்றி அவனை நிறுத்தினார்கள். தலையில் நாடகத் தொப்பி ஒன்று, வலது கையில் கூட்டுகிற தும்புத்தடியின் பிடி. அதுதான் ஈட்டி. இடது கையால் அவன் பெண்சாதியை அணைத்திருக்க வேண்டும். பெண்ணாக நிற்கிறவள் புதன்கிழமைகளில்தான் வருவாள், இருவரையும் தனித்தனியாக எழுதிச் சேர்ப்பேன் என்றார் யானி. அதுவரைக்கும் பெண்ணுக்குப் பதிலாக, வாடிக்கையாளர்கள் கோட் கழற்றிக் கொழுவுகிற ஆளுயர மரக்கட்டை ஒன்றைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் வெள்ளை மேசைவிரிப்பொன்றைப் போட்டுவிட்டார். இரத்தினவேல் கோட்டுக் கட்டையின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

யானியின் ஆங்கிலமும் அவனுடைய ஆங்கிலமும் சேர்ந்தாலும் ஒரு முழு ஆங்கிலம் ஆகாது. ஆனாலும் நாட்கள் போகப்போக அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டானது. கதையில் வருகிறவன் சண்டையில் சாகப் போகிறான் என்று கிழவர் சொன்னார். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போகிறான் என்று இரத்தினவேல் கேட்டான். போகாவிட்டால் நாளைக்கு ஊருக்குள் தலை நிமிர்ந்து எப்படி நடப்பான் என்றார் யானி. உயிர் தப்பப் புறப்பட்டு வந்தவன், சாகப் போகிறவனுக்காக நிற்கிறேனே என்று அவனுக்கு மனதுக்குள் ஒருமாதிரி இருந்தது.

உடம்பு சரியாக வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. யானி சுரண்டிவிட்டு மறுபடி எழுதுவார், மறுபடி சுரண்டுவார். நீ கட்டையைப் பார்க்கிறாய், பெண்ணைப் பார்க்கவில்லை என்று ஏசினார். உனக்கு யாருமே இல்லையா என்று ஒரு நாள் கோபத்தில் கேட்டுவிட்டார். இரத்தினவேல் அந்த மேசைவிரிப்பின் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது குசினிக்குள்ளிருந்து கேட்ட துருவல் சத்தமும், அது நின்ற கணமும் நினைவுக்கு வந்தன. அவள் எழும்பி வாசலுக்கு வந்திருந்தால் எப்படி நின்றிருப்பாள்? துருவிய கையைச் சீலையில் துடைத்திருப்பாளா? தலையைக் குனிந்திருப்பாளா? அவளை அவன் அதுவரை கை தொட்டதில்லை. இப்போது கையை வைத்திருக்கிறானே, அந்த இடத்தில் அவள்தான் நிற்கிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது.

யானி சத்தம் போட்டார். அப்படியே நில், மூச்சுக்கூட விடாதே என்றார். அன்று இருட்டும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார்.

அதன்பிறகு வந்த திங்கட்கிழமைகளெல்லாம் இரத்தினவேலுக்குத் தங்கேஸ்வரியின் நாட்களாகிவிட்டன. தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பான். மனதுக்குள் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்வான். இங்கே பனி எப்படிக் கொட்டுகிறதென்று, அகஸ்ரின் சோற்றைக் குழைய விட்டதென்று, பஸ்ஸில் யாரோ அவனைப் பார்த்துச் சிரித்ததென்று. கனடாவுக்கு வந்தபிறகு அவன் அவ்வளவு கதைத்தது அந்தக் கட்டையோடுதான்.

படத்தைச் சுவரில் ஏற்றிய அன்று கொஸ்ரா சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தார். ஏப்ரனோடு நின்ற இரத்தினவேலைக் குசினியிலிருந்து கையில் பிடித்து இழுத்து வந்தார். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆளுயரத்துக்கு மேலே, தூண்களுக்கு நடுவில், அவனே நின்றான். அவன் மார்பில் தலை சாய்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளைப் பார்த்து நின்ற தன் முகத்தைக் கண்டதும் அவனுக்கு வியர்த்துவிட்டது. மனதுக்குள் வைத்திருந்ததை யாரோ எடுத்துச் சந்தியில் தொங்கவிட்டதுபோல இருந்தது.

புதன்கிழமைகளில் வந்தவளும் விருந்துக்கு வந்திருந்தாள். மரியா என்று பெயர், போர்த்துக்கல்காரி, ஐம்பது வயதிருக்கும். அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற வேலை. யானி அவளுடைய கழுத்தையும் கையையும் எடுத்துக்கொண்டு முகத்தைத் தானாக இளமையாக்கியிருந்தார். அவளுக்குத் தந்தது ஒரு சோபாவின் முதுகாம், அதில்தான் இவ்வளவு நாளும் சாய்ந்து அழுகிறமாதிரி நின்றாளாம். தன்னுடையது கோட்டுக் கட்டை என்றான் இரத்தினவேல். அவள் வாய்விட்டுச் சிரித்து அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு கைகளும் சவர்க்காரத் தண்ணீரில் தோல் உரிந்த கைகள். பிறகு அவளை அவன் எங்கேயும் காணவில்லை.

அகஸ்ரின் அப்போதுதான் புதிதாக ஒரு கமரா வாங்கியிருந்தான். படத்தின் கீழே இரத்தினவேலை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தான். கழுவி வந்தபோது அது நல்ல வடிவாக வந்திருந்தது. மேலே வீரன், கீழே அதே முகத்தோடு ஏப்ரன் கட்டிய மனிதன். எங்கட ஆளைப் படமாக எழுதி வெள்ளைக்காரர் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்ற பெருமையில் ஒரு பிரதியை மட்டக்களப்பிலிருந்த தன் தங்கை கிளடிஸுக்கு அனுப்பிவிட்டான். கிளடிஸ் ரவுணில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவளும் அண்ணனைப்போலத்தான். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

அந்தப் போட்டோ கல்லடிப் பாலத்தைக் கடந்து ஆரையம்பதிக்குப் போக எத்தனை நாள் எடுத்ததோ தெரியாது. போகும் வழியிலேயே கதை மாறிவிட்டது. இரத்தினவேல் ஒரு வெள்ளைக்காரியோடு இருக்கிறானாம், இருவரையும் கட்டிப்பிடித்தபடி படம் கீறிக் கடையில் மாட்டியிருக்கிறார்களாம். மாமாவுக்குச் செய்தி முதலில் கிடைத்தது, போட்டோ பிறகுதான் கிடைத்தது. அதற்குள் அவர் கோவிலடிக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

மருந்துக்கடையில் ரெலிபோன் இருந்தது. ஒரு திங்கட்கிழமை இரவு, அங்கே விடிந்து கடை திறக்கிற நேரம், இரத்தினவேல் எடுப்பதென்று ஒழுங்கானது. மாமா மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்தப் பக்கத்தில் அகஸ்ரினும் மற்றவர்களும் மெத்தைகளில் குந்தியிருந்தார்கள். இருக்கிறது ஒரே அறை, அவர்கள் எங்கே போவார்கள்?

மாமா சுகம் விசாரிக்கவில்லை. அந்தப் பெண் ஆரென்று கேட்டார்.

"மாமா, அப்பிடி ஒருத்தரும் இல்ல. நான் பிடிச்சிருந்தது கோட் கொழுவுற கட்டை."

"படத்தில பொம்புளையெல்லோ நிக்கா."

"அவ வேற நாளில வந்தவ. சோபாவில சாஞ்சு நிண்டவ. எனக்கு அவ ஆரெண்டே தெரியாது."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்கிறதென்று அவனுக்கு விளங்கியது. மாமா பிறகு, "மனே, நான் உன்னோட சண்டைபிடிக்க வரல்ல. எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு ரெலிபோனை யாரிடமோ கொடுத்தார்.

அது தங்கேஸ்வரி. கனடாவுக்கு வந்தபின் அவன் அவளுடைய குரலைக் கேட்பது அதுதான் முதல்தரம். ஊரிலும் அவள் அவனோடு நேராகப் பேசியது மிகக் குறைவு.

"மச்சான், சனம் சொல்லுறதை நான் நம்பல்ல" என்றாள். "கட்டையெண்டு சொன்னா கட்டைதான். ஆனா அந்தப் படத்தில பாக்குற மாதிரி நீங்க என்னை ஒருநாளும் பாக்கல்ல."

அது நீதான், உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வேண்டும். ஒரேயொரு வரிதான். ஆனால் அந்தப் பக்கம் அவளோடு மாமா நிற்கிறார், மருந்து வாங்க வந்த சனம் நிற்கிறது. இந்தப் பக்கம் நாலு பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியொரு வார்த்தையை ஒரு ஆளுக்கு முன்னால் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"அது வேலைக்காகத்தான்" என்றான்.

அவள் "சரி" என்றாள். பிறகு லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. அறுந்ததா, வைத்துவிட்டார்களா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பவும் எடுத்துப் பார்த்தான், கிடைக்கவில்லை.

யாரும் அவனை வேண்டாமென்று சொல்லவில்லை. அவளை அனுப்புகிற பேச்சுத்தான் மெல்ல நின்றுபோனது. மறுவருசம் தங்கேஸ்வரிக்குக் களுவாஞ்சிகுடிக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஒருவரோடு கலியாணம் நடந்தது. மாமா கட்டிய வீட்டுக்குக் கூரையும் போட்டுவிட்டார்கள். கிளடிஸ் அண்ணனுக்குச் சொல்ல, அகஸ்ரின் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வாய்க்குள் வைத்திருந்து சொன்னான். இரத்தினவேல் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

கொஸ்ராவுக்கு இதொன்றும் தெரியாது. வழக்கம்போல, வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக அவனைக் குசினியிலிருந்து கூப்பிடுவார். அவர்கள் படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்துக் கைதட்டுவார்கள். ஒரு நாள் அவன், இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னான். ஏனென்று கேட்டபோது, அரையும் குறையுமாக விசயத்தைச் சொன்னான். கொஸ்ரா கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யானி அந்த வருசக் குளிரில் இறந்துபோயிருந்தார். முகத்தை மாற்றி எழுதுவதற்கு வேறு ஓவியனைப் பிடிக்கவா, இல்லாவிட்டால் படத்தையே இறக்கிவிடவா என்று கொஸ்ரா கேட்டார். இரத்தினவேல் ஒன்றும் வேண்டாமென்றான். ஆனால் சாப்பாட்டு மண்டபத்துக்குள் காலடி வைப்பதை விட்டுவிட்டான்.

கொஞ்சக் காலத்தில் கடையையும் விட்டான். எங்கள் ஆட்கள் ஸ்காபரோப் பக்கம் நகரத் தொடங்கிய நேரம் அது. அகஸ்ரினோடு அவனும் அஜின்கோர்ட்டுக்குப் போய், ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் தனி அறை எடுத்தான். மில்லிக்கனில் யன்னல் சட்டங்கள் செய்கிற தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற் கிடைத்தது. இப்போது படுக்க அவனுக்கென்று ஒரு கட்டில் இருந்தது. காலையில் விழித்தால் அறையில் வேறு மூச்சுச் சத்தம் இல்லை. மெத்தைகளில் உருண்டு கிடந்த காலத்தில் தனியாக ஒரு அறை கிடைக்காதா என்று ஏங்கியவன், இப்போது மேல்வீட்டுக்காரரின் பிள்ளைகள் ஓடித் திரிகிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தான். அகஸ்ரின் இரண்டு தரம் சம்பந்தம் கொண்டுவந்தான். பார்க்கலாம் என்று சொல்லியே நாளைக் கடத்தினான்.

எண்பத்தெட்டில் கிளடிஸ் ரொறன்ரோவுக்கு வந்தாள். வந்த சில வாரங்களிலேயே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டாள். அகஸ்ரின் மறித்துப் பார்த்தான், அவள் கேட்கவில்லை. இரத்தினவேல் ஒரு காலை அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கொஸ்ரா அவனைக் கட்டிப்பிடித்து, படத்துக்கு எதிரே இருந்த மேசையில் இருத்தி, கேட்காமலே கோப்பி கொண்டுவந்து வைத்தார். மத்தியானச் சனம் இன்னும் வரவில்லை.

கிளடிஸ் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிடப் பெரிது என்றாள். பிறகு மேசையைப் பார்த்தபடி, "அண்ணை, நாந்தான் எல்லாருக்கும் காட்டினது. பெருமையிலதான் காட்டினன்" என்றாள்.

அவளில் பிழையில்லை என்று இரத்தினவேல் சொன்னான். உண்மையாகவே அவனுக்கு அவளில் கோபம் இருக்கவில்லை.

கலியாணத்துக்கு முந்திய கிழமை தங்கேஸ்வரி மருந்துக்கடைக்கு வந்தாளாம். தாய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு, அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறதா என்று கேட்டாளாம். ஆரையம்பதிக்குப் போய்த் திரும்பி வந்திருந்ததைக் கிளடிஸ் எடுத்துக் கொடுத்தாள். இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்தவள், படிவரைக்கும் போய்த் திரும்பி வந்து, போட்டோவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

இரத்தினவேல் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு லொறி போனால்கூடக் கேட்காது போலிருந்தது அவனுக்கு. கோப்பியை மேசையில் வைத்தான்.

"அவவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், கிளடிஸ். அந்தப் படத்தில நிக்கிறது அவதான்."

கிளடிஸ் அவனைப் பார்த்தாள். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை. நான் ரெலிபோனுக்குப் பக்கத்திலதான் நிண்டன். அந்தப் பிள்ளை அதுக்குத்தான் காத்துக்கொண்டு நிண்டது."

"எல்லாரும் நிண்டவங்க" என்றான் அவன்.

கிளடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேண்டுமென்றால் தான் யார் மூலமாவது அவளுக்குச் சொல்லிவிடட்டுமா என்று பிறகு கேட்டாள். வேண்டாம், அவவுக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறதென்று கேள்விப்பட்டேன், நிம்மதியாக இருக்கட்டும் என்றான் இரத்தினவேல்.

மத்தியானச் சனம் வரத் தொடங்கியது. அடுத்த மேசையில் வந்திருந்த கிழவி ஒருத்தி படத்தையும் அவனையும் பார்த்துப் புருசனின் கையைத் தட்டிக் காட்டினாள். இரத்தினவேல் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. அவர்களைப் பார்த்து மெல்லச் சிரித்தான். பிறகு கிளடிஸையும் கூட்டிக்கொண்டு, கொஸ்ராவுக்குச் சொல்லிவிட்டு, சப்வேக்கு நடந்தான். கென்னடியில் இறங்கி அவளை அஜின்கோர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பின்னேர ஷிப்றுக்கு நேரமாகிவிட்டிருந்தது. மில்லிக்கனுக்குப் போகிற பஸ் வர, ஏறிப் பின் சீற்றில் யன்னலோரமாக உட்கார்ந்துகொண்டான்.